விரியோ என்னும் இழுவைக் கப்பல்

பம்பாய், சென்னை, விசாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களைக் கண்டவர்கள், மலைபோன்ற சரக்குக் கப்பலொன்றைச் சிறு கப்பல்கள் முன்னும் பின்னும் நின்று இழுத்தும் தள்ளியும் கரை சேர்ப்பதைப் பார்த்திருக்கக் கூடும். இச்சிறு கப்பல்களுக்கு இழுவைக் கப்பல்கள் என்று பெயர். துறைமுகத்திற்குள் வேலை செய்பவை ஒரு வகை. கரையே கண்ணுக்குத் தெரியாத நடுக்கடலுக்குச் சென்று, எஞ்சின் பழுதுற்றோ குண்டடிபட்டோ செயலிழந்து நிற்கும் கப்பலை இழுத்துவருபவை மற்றொரு வகை. இரண்டாம் வகையைச் சேர்ந்த ‘விரியோ’ என்னும் அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் வரலாற்றை அறிந்தால், இழுவைக் கப்பலின் ஆற்றல் எதில் இருக்கிறது, அதன் ஆபத்து எதில் இருக்கிறது என்ற இரண்டும் விளங்கும்.

விரியோ என்பது அமெரிக்க நாட்டில் காணப்படும் ஒரு சிறிய பாடும் பறவையின் பெயர். இக்கப்பலும் இதன் உடன்பிறப்புகளும் யாவும் பறவைகளின் பெயரையே தாங்கின. முதல் உலக யுத்தத்தின் இறுதியில் வடகடலில் சுமார் 70,000 கண்ணிவெடிகள் இடப்பட்டிருந்தன. யுத்தம் முடிந்ததும் அவற்றை வாரி எடுக்க வேண்டியிருந்தது. கண்ணி வாரும் முறை இது: இரண்டு கப்பல்கள் தமக்கிடையே நீண்டதோர் எஃகு வடத்தை நீருக்குள் தாழ்த்தி இழுத்துக்கொண்டு இணையாகச் செல்லும். கண்ணிவெடியைக் கடலடியுடன் பிணைத்திருக்கும் கயிற்றை அவ்வடம் அறுத்துவிட, வெடி நீர்மட்டத்திற்கு மிதந்துவரும். பின்னர் அதைச் சுட்டு அழிப்பர். நீருக்குள் ஆழ்ந்த வடத்தை இழுப்பதற்கு வேகம் வேண்டுவதில்லை. மெதுவாகச் செல்லும்போதே பலமாக இழுக்கும் திறன் வேண்டும். மற்றொரு கப்பலை இழுப்பதற்கும் அதே திறன்தான் தேவை. ஆகவே இவ்வகைக் கப்பல்களை இரு தொழிலுக்கும் பொருந்துமாறே வகுத்தனர்.

விரியோ பிலடெல்பியா கடற்படைத் தளத்தில் கட்டப்பெற்று, 1919 மே மாதத்தில் நீரில் இறக்கப்பட்டு, அக்டோபரில் பணியேற்றது. வடகடலில் கண்ணி வாரும் வேலையோ செப்டம்பர் இறுதியிலேயே முடிந்துவிட்டது! எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலை தீர்ந்தபின் வந்து சேர்ந்த கப்பல் இது. நீளம் சுமார் 188 அடி. அகலம் 35 அடிக்குச் சற்று மேல். எடை ஆயிரம் டன்னுக்குள். மும்மடி விரிவு நீராவி எஞ்சின் ஒன்று 1,400 குதிரைத் திறனை அளித்து ஒரே விசிறியைச் சுழற்றியது. மிகுந்த வேகம் மணிக்கு 14 கடல் மைல். அடுத்த இருபது ஆண்டுகளில் புகழ் தரும் செயல் எதையும் அது செய்யவில்லை. முதலில் அட்லாண்டிக் கரையோரத்திலும் பின்னர் பசிபிக் சமுத்திரத்திலும், பெரிய போர்க்கப்பல்கள் சுட்டுப் பழகுவதற்கான இலக்கு மிதவைகளை இழுத்துச் செல்வதும், பொருள்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்வதுமாகக் காலம் கழிந்தது.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானிய விமானங்கள் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கியபோது, விரியோ தன் இனத்தைச் சேர்ந்த வேறு மூன்று கப்பல்களுடன் நிலக்கரித் துறையில் கட்டப்பட்டிருந்தது. அதன் பீரங்கிகளும் விமானங்களை நோக்கிச் சுட்டன. பின்னர் அது, டார்ப்பிடோக்களால் துளையுண்டு நீர் புகுந்து தாழ்ந்துகொண்டிருந்த ‘கலிபோர்னியா’ என்ற பெரும் போர்க்கப்பலின் அருகே சென்று பம்புகளால் நீரை இறைத்தது. மூன்று நாள் முயன்றும் பயனின்றிக் கலிபோர்னியா துறைமுகத்தின் அடித்தரையில் அமர்ந்துவிட்டது. அதனைப் பிற்பாடு மீட்டெடுத்தனர் என்பது வேறு கதை.

விரியோவின் திறமைக்குப் பெருஞ்சோதனை ஆறு மாதங்களில் வந்தது. 1942 ஜூன் 4 அன்று மிட்வே தீவை அடுத்து நிகழ்ந்த கடற்போரில் ‘யார்க்டவுன்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் குண்டுகளாலும் டார்ப்பிடோக்களாலும் தாக்குண்டு, ஏறத்தாழ 26 பாகை சாய்ந்து செயலற்றது. அது கவிழ்ந்துவிடும் என்று கருதி மாலுமிகள் அனைவரும் வெளியேறினர். கப்பலோ கவிழாமல் இரவு முழுவதும் மிதந்தது. மறுநாள் பிற்பகலில் விரியோ வந்து வடத்தைப் பிணைத்து இழுக்கத் தொடங்கியது.

இழுத்த கப்பல் ஆயிரம் டன். இழுக்கப்பட்ட கப்பல் இருபதினாயிரம் டன்னுக்கு மேல். யார்க்டவுனின் சொந்த எஞ்சின்கள் 1,20,000 குதிரைத் திறன் கொண்டவை. அத்தகைய கப்பலை 1,400 குதிரைத் திறன் அசைப்பது எங்ஙனம் என்ற ஐயம் எழலாம். நீரில் செல்லும் பொருளுக்கு ஏற்படும் தடை, பொதுவாகக் கூறுமிடத்து, வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்கிறது. தேவையான திறனோ வேகத்தின் கனத்திற்கு ஏற்ப வளர்கிறது. எனவே வேகத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் வேண்டிய திறன் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். மணிக்கு 30 கடல் மைல் செல்ல இலட்சத்திற்கு மேற்பட்ட குதிரைத் திறன் தேவைப்படும் கப்பலை 3 கடல் மைல் வேகத்தில் நகர்த்த, ஏட்டுக் கணக்கின்படி, நூறு குதிரைத் திறனுக்குச் சற்று மேலிருந்தால் போதும்.

கடல் ஏட்டுக் கணக்கை முழுதும் ஒப்புக்கொள்வதில்லை. சுழலாமல் நிற்கும் யார்க்டவுனின் நான்கு பெரிய விசிறிகளும் நீரைத் தடுத்தன. உள்ளே புகுந்த நீர் கப்பலை மேலும் ஆழ்த்தியது. சாய்ந்த கப்பல் நேராக வராது. ஒருபுறம் விலகி, வடத்தை இழுத்துத் திருப்பிக்கொண்டே இருக்கும். அதன் உயர்ந்த பக்கங்களில் காற்று பாய்மரத்தில் மோதுவதுபோல் மோதும். மேலும், மெதுவாகச் செல்லும்போது விசிறியின் உழைப்பில் பெரும்பகுதி நீரைக் கலக்குவதிலேயே வீணாகிறது. இக்காரணங்களால் விரியோ தன் முழு வலிமையையும் செலுத்தியும் 3 கடல் மைல் வேகத்தைக் கூட எட்டுவது அரிதாயிற்று.

இங்கே வடத்தைப் பற்றியும் கூறவேண்டும். கரையில் நின்று பார்ப்பவர்க்கு, வடம் விறைத்து நேராக நிற்பதே நல்ல இழுப்பு என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. விறைத்த வடம், அலையில் இரு கப்பல்களும் வெவ்வேறாக ஏறி இறங்கும்போது ஒரே வெட்டில் அறுந்துவிடும்; அறுந்த எஃகு வடம் சுழன்று வந்து தளத்தில் நிற்பவரை வெட்டி வீழ்த்தும். ஆகையால் கனமான வடத்தை மிக நீளமாக விட்டு, அதன் நடுப்பகுதி தன் எடையால் நீருக்குள் வளைந்து தொங்குமாறு செய்வர். இழுப்பு மிகும்போது அவ்வளைவு நிமிர்ந்து கொடுக்கும். தளரும்போது மீண்டும் தாழும். அதுவே ஒரு வில்லாக நின்று அதிர்ச்சியைத் தாங்குகிறது. வடத்தைக் கப்பலின் பின்கோடியில் கட்டாமல் நடுப்பகுதியை ஒட்டிக் கட்டுவதற்கும் காரணம் உண்டு. பின்கோடியில் கட்டினால் இழுபடும் சுமை அக்கோடியை அசையவிடாது. சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் கப்பல் திரும்பாது.

பெர்ல் துறைமுகம் ஏறத்தாழ ஆயிரம் கடல் மைல் தொலைவில் இருந்தது. 3 கடல் மைல் வேகத்தில் அது இரண்டு வாரப் பயணம். பகைவரின் நீர்மூழ்கிக் கப்பலுக்கு அத்துணைக் காலம் வேண்டியிருக்கவில்லை. ஜூன் 6 அன்று சுமார் 170 பேர் யார்க்டவுனில் ஏறி, நீரை இறைத்தும் கனமான பொருள்களைக் கடலில் தள்ளியும் சாய்வைக் குறைத்துவந்தனர். ‘ஹம்மன்’ என்ற நாசகாரிக் கப்பல் பக்கத்தில் கட்டப்பட்டு, பம்புகளுக்கு மின்சாரம் அளித்தது. பிற்பகலில் ஐ-168 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி நான்கு டார்ப்பிடோக்களை எய்தது. ஒன்று ஹம்மனைப் பிளந்தது; இரண்டு அதன் அடியில் சென்று யார்க்டவுனைத் தாக்கின. ஹம்மன் சில நிமிடங்களில் மூழ்கியது. விரியோவின் மாலுமிகள் வடத்தை வெட்டிவிட்டுத் திரும்பிவந்து, கடலில் தத்தளித்தவர்களை எடுத்தனர். யார்க்டவுனின் தலைவர் பக்மாஸ்டரும் அதில் ஏறினார். இறந்த சிலரைக் கடலில் அடக்கம் செய்யும் சடங்கை அவர் விரியோவின் தளத்திலேயே நடத்தினார். மறுநாள் விடியற்காலையில் யார்க்டவுன் மூழ்கியது.

எந்த மெதுவான வேகம் பெரிய கப்பலை அசைக்க உதவியதோ, அதுவே அதனைக் குறிவைப்பதையும் எளிதாக்கியது. நான்கு மாதங்கள் கழித்து அதே மெதுவான வேகம் விரியோவின் மாலுமிகளை வேறு வகையில் பழிவாங்கியது.

1942 அக்டோபரில் குவாடல்கனால் தீவின் விமானத்தளத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. பெட்ரோலும் குண்டுகளும் ஏற்றிய மிதவைப் படகுகளை இழுத்துக்கொண்டு, எஸ்பிரிட்டு சாண்டோவிலிருந்து ஒரு கப்பற்கூட்டம் புறப்பட்டது. மிதவை ஒவ்வொன்றிலும் 2,000 பீப்பாய் பெட்ரோலும் 500 குண்டுகளும் இருந்தன. 15-ஆம் தேதி பகைவரின் வேவு விமானம் தென்படவே ஏனைய கப்பல்கள் திரும்பிவிட்டன. விரியோ ஒரு மிதவையுடனும், ‘மெரிடித்’ என்ற நாசகாரி அதற்குத் துணையாகவும் முன்சென்றன. பகைக் கப்பல்கள் அருகில் உள்ளன என்ற செய்தி கிடைத்தபின் அவையும் திரும்பின. கிழட்டு இழுவைக் கப்பல் தப்ப வழியில்லை என்று மெரிடித்தின் தலைவர் ஹப்பர்டு கருதினார். விரியோவின் மாலுமிகளைத் தம் கப்பலில் ஏற்றிக்கொண்டு, விரியோவைத் தாமே டார்ப்பிடோவால் மூழ்கடிக்க ஆயத்தமானார். அன்று கையிலிருந்த செய்திகளைக் கொண்டு பார்த்தால், அம்முடிவைக் குறைகூற இடமில்லை.

அவ்வேளையில் ‘சுய்காக்கு’ என்ற விமானந்தாங்கியிலிருந்து 27 விமானங்கள் வந்து மெரிடித்தின்மீது பாய்ந்தன. விரைவும் பீரங்கிகளும் உடைய கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. ஆளற்ற விரியோ மிதந்துகொண்டே இருந்தது!

நீரில் கிடந்தவர்கள் அதனை எட்ட முயன்றனர். ஒரே ஒரு தெப்பத்தில் இருந்தவர்களே எட்டினர். நீருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கப்பலைக் காற்று தள்ளிச் செல்லும். நீரோடு நீராய் ஆழ்ந்து கிடக்கும் மனிதனையோ தாழ்ந்த தெப்பத்தையோ அது அவ்வளவு தள்ளுவதில்லை. ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்கும் விரியோவுக்கும் இடையே தூரம் வளர்ந்தது. எண்ணெய் படிந்த நீரில், காயங்களோடு, சுறாமீன்களிடையே மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்தன. ‘கிரேசன்’, ‘குவின்’ என்னும் நாசகாரிகள் வந்து சேர்ந்தபோது எண்பத்தெட்டுப் பேரே எஞ்சியிருந்தனர். மெரிடித்தைச் சேர்ந்த 185 பேரும் விரியோவைச் சேர்ந்த 51 பேரும் மாண்டனர். ஹப்பர்டும் அவர்களுள் ஒருவர்.

பெட்ரோல் மிதவையையும் அந்நாசகாரிகள் ‘செமினோல்’ என்ற மற்றோர் இழுவைக் கப்பலின் துணையோடு மீட்டன. விரியோவும் மீட்கப்பெற்றுப் புதிய மாலுமிகளுடன் தென் பசிபிக்கில் மீண்டும் வடம் பிடித்தது. 1944-இல் அதனைப் பழைய இழுவைக் கப்பல்களின் பட்டியலுக்கு மாற்றினர். எனினும் வேலையிலிருந்து விடுவிக்கவில்லை. 1946-இல்தான் அது கடற்படைப் பணியிலிருந்து நீக்கப்பட்டது.