வெள்ளை பூசாமல் வெயில்: நீர்வண்ணம் எப்படி இயங்குகிறது?

ஓவியர் ஹெலன் ஆலிங்ஹாம் 1881-இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், விட்லி ஊருக்கு அருகே குடியேறினார். அந்த வட்டாரத்துப் பழைய நாட்டுப்புற வீடுகளை நீர்வண்ணத்தில் தீட்டினார். செங்கல் புகைபோக்கி, ஓடு பதித்த சுவர், வாசலில் பூச்செடிகள், அவற்றின்மேல் வெயில். நீர்வண்ணத்தில் வெயிலைத் தீட்டுவதில்லை, விட்டுவைக்கிறார்கள். ரவா தோசை வார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்த நுட்பம் எளிதில் பிடிபடும்.

மாவு: ரவா தோசைக்கு மாவை நீர்க்கக் கரைக்கிறோம். வண்ணத்துக்கும் அதே பக்குவம்தான். நிறப்பொடி, அதைத் தாளில் பிடித்துவைக்க வேல மர இனத்துப் பிசின், மற்றபடி தண்ணீர்.

கல்: எண்ணெய் ஏறாத கல்லில் மாவு ஒட்டிக்கொள்ளும். அதுபோல, வெறும் தாள் வண்ணத்தை உறிஞ்சி மங்கவைத்துவிடும். அதனால்தான் நல்ல தாளை ஜெலட்டின் ஏற்றிப் பக்குவப்படுத்துகிறார்கள். வண்ணம் மேலாகவே தங்கும்.

ஊற்றுதல்: மாவை ஊற்றியபின் கரண்டியால் தேய்ப்பதில்லை. இடையில் விட்ட துளைகளில் கல் தெரியும். ஓவியத்தில் அந்தத் துளைகள்தாம் வெளிச்சம்: சன்னல் சட்டம், வெள்ளை மேலாடை, பூவிதழ். எங்கே ஊற்றக்கூடாது என்பதை முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும்.

ஓரம்: தோசையின் ஓரம் முதலில் சிவக்கும். ஈர வண்ணத்திலும் ஓரமே முதலில் காயும். அங்கே ஆவியாகும் நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடும்போது நிறத்துகள்களையும் இழுத்துச் செல்லும். அதனால் விளிம்பில் அடர்ந்த கோடு விழும். ஓட்டின் விளிம்பைக் காட்ட அதுவே உதவும்.

தோசை இங்கே நின்றுவிடும், ஓவியம் தொடரும். காய்ந்த படலத்தின்மேல் இன்னொரு மெல்லிய படலம், அதன்மேல் இன்னொன்று. ஒளி இவற்றை ஊடுருவித் தாளின் வெண்மையில் பட்டு, அதே வழியாகக் கண்ணுக்குத் திரும்புகிறது. கூரையின் சிவப்பு உள்ளிருந்து ஒளிர்வதற்கு இதுதான் காரணம். படலம் கனத்தால் ஒளி திரும்பாது, நிறம் சேறாகிவிடும். மூடிய வெண்மை மறுபடி வேண்டுமென்றால், ஆலிங்ஹாம் கத்தியால் மெல்லச் சுரண்டித் தாளை வெளிக்கொணர்வார்.

அரச நீர்வண்ணச் சங்கம் 1890-இல் அவரை முழு உறுப்பினராக்கியது. அந்தத் தகுதியைப் பெற்ற முதல் பெண் அவர். பழைய வீடுகள் பல இடிபட்டும் உருமாறியும் வந்த காலத்தில், அவற்றை இருந்தபடியே பதிந்துவைக்க விரும்பியவர். அவர் ஓவியத்தைப் பார்க்க வாய்த்தால், வண்ணத்துக்கு முன் வண்ணம் படாத இடங்களைத் தேடுங்கள். ஓவியர் முதலில் எடுத்த முடிவுகள் அவைதாம்.