ஆச்சி பாட்டை ஆச்சியும் கேட்கணும்



மகாராஷ்டிரா கிராமங்களில் திருகை சுற்றும்போது பெண்கள் பாடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் சேகரிக்கப்பட்டுள்ளன. 2014-ல் தொடங்கிய ‘பாரி’ மக்கள் ஆவணக் காப்பகம், அவற்றில் பலவற்றை இணையதளத்தில் வைத்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் காதால் கேட்கலாம்.

ஆனால் செல்போனைத் தொடவே தயங்கும் ஆச்சிமாருக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? நாங்கள் சொல்லும் வழி எளிது.

அச்சன்புதூரில் குழுக் கூட்டம் முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஒருவர் தன் போனில் சத்தமாகப் பாட்டைப் போடட்டும். இன்னொருவர் அர்த்தத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லட்டும்.

பிறகு நம்ம ஆச்சியின் நடவுப் பாட்டு, தாலாட்டு. சம்மதம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். எழுதாத பாட்டு ஆச்சியோடு போய்விடும். தள்ளிப்போடாதீங்க!