பின் அச்சில் ஒரு ஓசை

பழைய கார் வைத்திருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் எஞ்சின் அல்ல. முதுகுக்குப் பின்னால் எங்கிருந்தோ வரும் "டொக்" என்ற ஓசைதான். எஞ்சின் கண்ணெதிரே இருக்கிறது, மூடியைத் தூக்கிப் பார்த்துவிடலாம். பின் அச்சோ வண்டிக்கு அடியில், இரும்புக் கூட்டுக்குள், எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது. அதனால்தான் பல பட்டறைகளில் சந்தேகம் வந்தவுடனே அச்சைக் கழற்றி விடுகிறார்கள். கழற்றுமுன் அந்த ஓசையிடமே கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

உதாரணத்துக்கு எம்.ஜி.பி. என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் சுமார் ஐந்து லட்சம் வண்டிகள் தயாராயின. நமக்கும் இது தூரத்து உறவுதான். எங்கள் கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங்கின்மேல் உட்கார்ந்த ஒரே நீள அச்சுதான்.

எஞ்சினின் சுழற்சி ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்னால் வந்து, 11 பல் கொண்ட பினியனைச் சுற்றுகிறது. அது 43 பல் கொண்ட கிரௌன் சக்கரத்தைத் திருப்புகிறது. அதாவது ஷாஃப்ட் ஏறத்தாழ நாலு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

முதல் கேள்வி: ஓசை தாளம் போடுகிறதா? வண்டியை மனிதர் நடக்கும் வேகத்தில் உருட்டி, ஒருவரைக் கூடவே நடக்கச் சொல்லுங்கள். அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஒரு சுற்றுகூடச் சுற்றாது. ஷாஃப்ட் மூன்று, நாலு சுற்றுச் சுற்றும். "கிளிக்" நிதானமாக வந்தால் சக்கரத்தின் பக்கம் பாருங்கள். அதைப் போல நாலு மடங்கு வேகத்தில் "கீச் கீச்" என்றால், பெரும்பாலும் கிரீஸ் வற்றிப்போன யூ-ஜாயின்ட்.

இரண்டாவது: தொடர்ந்து வரும் ரீங்காரமா? மணிக்கு 60 கிலோமீட்டரில் பினியன் பற்கள் நொடிக்குச் சுமார் 370 முறை கடிபடுகின்றன. சங்கீதக்காரர்களுக்குச் சொன்னால் புரியும், நாலரைக் கட்டைச் சுருதிக்குப் பக்கம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டுமோ, விடும்போது மட்டுமோ இது கேட்டால் பற்கள் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். திருப்பத்தில் கூடிக் குறையும் உறுமல் என்றால் சக்கர பேரிங்கைச் சந்தேகிக்கலாம். தார் ரோட்டிலிருந்து சிமெண்டு ரோட்டுக்குப் போனதும் ஓசை மாறினால் அது டயர். அச்சை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, முக்கியமானது: ஒரே ஒரு "டொக்". கிளட்ச்சை விட்டுக் கிளம்பும்போது ஒன்று, ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் ஒன்று. இதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு. இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும்; ஆபத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒன்று, டிஃபரன்ஷியலுக்குள் சிறு பற்சக்கரங்களின் முதுகில் இருக்கும் செம்பு, ஃபைபர் வாஷர்கள் தேய்ந்து போவது. இது எம்.ஜி.பி.க்கு வயதானால் வரும் மூட்டுவலி போன்றது. எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொண்டால் பல வருஷம் ஓட்டலாம். பின்னாளில் வந்த குழாய் வடிவ அச்சில், அச்சை இறக்காமலே வாஷர்களை மாற்றவும் முடியும்.

மற்றொன்று, கம்பிச் சக்கரம் போட்ட வண்டிகளுக்கு மட்டும் வருவது. அந்தச் சக்கரத்தை நாலு நட்டுகள் பிடித்திருப்பதில்லை. ஹப்பின் வெளிப்புறத்திலும் சக்கரத்தின் உட்புறத்திலும் ஸ்ப்லைன் என்ற பல்வரிசை இருக்கும். இரண்டும் கோத்துக்கொள்ள, நடுவில் ஒற்றை நட்டு இறுக்கிப் பிடிக்கும். நட்டு தளர்ந்தால் பற்கள் தேயும். வண்டியைத் தள்ளும் விசை மட்டுமல்ல, பிரேக்கின் விசையும் இந்தப் பற்கள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. அவை மழுங்கி வழுக்கிவிட்டால் டிரம் நிற்கும், சக்கரம் நிற்காது. கைபிரேக்கும் உதவாது.

இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. ஆளில்லாத சமதளத்தில் கியரை நியூட்ரலில் போட்டு மெதுவாக முன்னே உருட்டி பிரேக் போடுங்கள். பின்னே உருட்டி மறுபடி போடுங்கள். பிரேக்கின் விசை டிஃபரன்ஷியலைத் தொடாமல் டிரம்மிலிருந்து நேரே சக்கரத்துக்குப் போகிறது. ஆகவே இப்போதும் "டொக்" வந்தால் டிஃபரன்ஷியல் குற்றவாளி அல்ல. ஸ்ப்லைனையோ, அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ-போல்ட்டையோ பார்க்க வேண்டும். அடுத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைபிரேக்கை இழுத்து, பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்குங்கள். டயரை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் திருகுங்கள். டிரம் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால், நட்டு இறுக்கமாக இருந்து கம்பிகளும் தளராமல் இருக்கும்பட்சத்தில், தேய்ந்தது ஸ்ப்லைன்தான்.

இங்கே நண்பர் ஒருவரின் 1967ஆம் வருஷத்து வண்டிக்கு, "கிரௌன்-பினியன் போயிடுச்சு, இங்கிலாந்திலேர்ந்து வரவழைக்கணும்" என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். பணம் கட்டுமுன் என்னைக் கூப்பிட்டார். நியூட்ரல் சோதனையிலேயே "டொக்" வந்தது. சக்கரத்தைக் கழற்றினால், தட்டையான தலையோடு இருக்க வேண்டிய பற்கள் ரம்பம் போலக் கூராகி இருந்தன. அந்த வண்டியில்தான் அவர் பேரப்பிள்ளைகளை ஞாயிறுதோறும் கங்கைக் கரைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். பின் ஹப்புகளையும் சக்கரங்களையும் சேர்த்தே மாற்றினோம். பழைய சக்கரத்தைப் புது ஹப்பில் மாட்டினால் அது புதியதையும் தின்றுவிடும். கிரௌன்-பினியன் பழையதே இன்றும் ஓடுகிறது.

கம்பிச் சக்கர வண்டி வைத்திருப்பவர்கள், ஓசை வந்தாலும் வராவிட்டாலும், வருஷத்துக்கு ஒருமுறை நாலு சக்கரங்களையும் கழற்றிப் பற்களைப் பாருங்கள். துடைத்து, லேசாக கிரீஸ் தடவி, தாமிரச் சுத்தியலால் நட்டை நன்றாக இறுக்குங்கள். ஒரு மணி நேர வேலைதான்.