கோக்கோ மரத்தின் நுனிக்கருகல் நோய்

கோக்கோ மரத்தின் கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டு வருமாயின், குடியானவர் நீர்க் குறைவையோ, எருக் குறைவையோ, பூச்சியையோ சந்தேகிப்பது இயல்பு. நிழல் போதாத தோட்டங்களில் அவ்விதம் காய்வதும் உண்டுதான். ஆயினும் பப்புவா நியூ கினி தேசத்தில் 1960-ம் ஆண்டை அடுத்துக் கோக்கோத் தோட்டங்கள் பெருவாரியாகச் சேதமுற்றதற்குக் காரணம் இவற்றில் ஒன்றும் அன்று. மரத்தின் நீரேற்றுங் குழாய்களுக்குள் வாழும் ஒரு பூசணமே அதைச் செய்தது. டால்பாட், கீன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1971-ல் அதனை விவரித்துப் பெயரிட்டனர். மலேசியா, இந்தோனேஷியா முதலிய தேசங்களிலும் இந்நோய் உண்டு, கேரளத்திலும் காணப்பட்டிருக்கிறது. ஆதலின் பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னந்தோப்புகளுக்கு ஊடே கோக்கோ வைத்திருப்போர் இதன் அடையாளங்களை அறிந்திருத்தல் சிலாக்கியம்.

முதலில் மஞ்சளாவது நுனிக் கொழுந்தும் அன்று, அடியிலுள்ள முதிர்ந்த இலையும் அன்று. நுனிக்குச் சற்றுக் கீழே, இரண்டாவது அல்லது மூன்றாவது துளிர்வரிசையில் ஓர் இலை மாத்திரம் மஞ்சளிக்கும். அம்மஞ்சளினிடையே பச்சைத் திட்டுகள் நிற்கும். சில நாட்களில் அவ்விலை உதிரும். காம்பு விட்ட வடுவைக் கத்தியால் மெல்லச் சீவினால் மூன்று கரும்புள்ளிகள் தெரியும். கிளையை நீளவாட்டில் பிளந்தால் உள்மரத்தில் பழுப்புக் கோடுகள் ஓடியிருக்கும். பிறகு மேலும் கீழுமாக மற்ற இலைகளும் உதிர்ந்து கிளை மொட்டையாகும்.

மழைக்காலத்தில், புதிதாக இலையுதிர்ந்த வடுக்களின்மேல் இப்பூசணம் வெண்மையான படலமாகப் படர்கிறது. அதன் வித்துகள் இரவில் வெளிப்பட்டுக் காற்றில் செல்கின்றன. வெயில் பட்டால் மாண்டுபோகும். நனைந்திருக்கும் இளந்துளிரில் விழுந்தவையே உட்புகும். புகுந்தபின் வளர்ந்த மரத்தில் அடையாளம் தோன்ற மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஆகிறது. எனவே, பார்வைக்குச் செழிப்பாயுள்ள நாற்றிலும் நோய் மறைந்திருக்கலாம். சங்கத்தின் மூலம் நாற்று வினியோகிப்போர் இதை மறக்கலாகாது. நாற்றங்கால் பழைய கோக்கோ மரங்களுக்கு அப்பால் இருக்கவேண்டும். இலை நனையாதபடி மேலே மழைநீர் புகாத கூரையும் வேண்டும்.

காய்ந்த நுனியை மாத்திரம் ஒடித்தெறிவது வீண் வேலை. உள்மரத்தின் பழுப்புக் கோடு எங்கே முடிகிறதோ, அதற்கும் 30 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஓர் அடி, கீழே வெட்டவேண்டும். வெட்டுவாயில் பழுப்பு தெரிந்தால் வெட்டு போதாது, மேலும் இறங்கவேண்டும். கோடு அடிமரத்தை எட்டிவிட்டால் மரம் பிழைப்பது அரிது. காய் தொங்கும் கிளையை வெட்ட எவருக்கும் கை வராது. ஆனால் அதை விட்டுவைப்பதன் நஷ்டம் வைத்தவரோடு நிற்பதில்லை; வித்துகள் நெடுந்தூரம் செல்லாமல் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலேயே பெரும்பாலும் விழுகின்றன. பப்புவா நியூ கினியில் பெருஞ்சேதத்துக்குப் பின்னும் பிழைத்து நின்ற மரங்களைத் தெரிந்தெடுத்து, அவற்றினின்று எதிர்ப்புச் சக்தியுள்ள வகைகளை உண்டாக்கினர்.

இப்பூசணம் கோக்கோவோடு நிற்கவில்லை. லாவோஸ், வியட்நாம் முதலிய தேசங்களில் மரவள்ளிச் செடியின் நுனி துடைப்பம்போல் கொத்தாகிக் குறுகும் நோயிலும் இதுவே காணப்பட்டதென 2023-ல் வெளியாயிற்று. 2024-ல் பிரேசிலின் அமாபா மாகாணத்திலும் அந்நோய் தென்பட்டது. நோய்ச் செடியின் கரணையை வெட்டி நட்டால் நோயும் அதனுடனேயே செல்கிறது.