ஆங்கில இலக்கணத்தின் கடினத்தன்மை: தமிழுடன் ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

ஆங்கில இலக்கணம் எளிது என்பாரும் கடினம் என்பாரும் உளர். ஒரு மொழியின் கடினம் அம்மொழியில் மட்டும் அமைவதன்று. கற்பவரின் தாய்மொழிக்கும் அதற்கும் இடையிலான வேறுபாட்டிலும் அமைகிறது. ராபர்ட் லாடோவின் 1957ஆம் ஆண்டு நூல் இக்கருத்தை மொழி கற்பித்தலுக்குரிய ஒப்பீட்டு முறையாக வளர்த்தது. அந்நோக்கில் ஆங்கிலமும் தமிழும் இங்கு ஒப்பிடப்படுகின்றன.

சொல்வடிவத்தின் எளிமை

பழைய ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் மூன்று பாலும் வேற்றுமை ஈறுகளும் கொண்டிருந்தன. இன்றைய ஆங்கிலப் பெயர் பன்மைக்கும் உடைமைக்கும் மட்டுமே ஈறு ஏற்கிறது. 'வாக்' என்னும் வினைக்கு வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங் என நான்கே வடிவங்கள். தமிழில் 'நட' என்பது நடந்தேன், நடக்கிறாய், நடப்பாள், நடந்தது எனக் காலம், இடம், பால், எண் காட்டி விரிகிறது. இவ்வளவில் ஆங்கிலம் எளிதே.

தொடரமைப்பின் கடினம்

ஈறுகள் செய்த பணியைச் சொல்வரிசையும் துணைச்சொற்களும் ஏற்றன. 'புலி மானைக் கொன்றது', 'மானைப் புலி கொன்றது' ஆகிய இரண்டும் ஒரே நிகழ்ச்சியைக் குறிப்பன. 'ஐ' உருபு செயப்படுபொருளைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்திலோ இரு பெயர்களும் இடம் மாறினால் மான் புலியைக் கொன்றதாகிவிடும்.

'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் முழுமையான தொடர். 'ஹீ இஸ் எ டீச்சர்' என்னும் ஆங்கிலத் தொடரில் உள்ள 'இஸ்', 'எ' ஆகிய இரண்டிற்கும் அதில் இணைச்சொல் இல்லை. எனவே 'ஹீ டீச்சர்' என எழுதும் மாணவர் தம் தாய்மொழியின் ஒழுங்கைப் பின்பற்றுகிறார். ஆயினும் பிழைகள் அனைத்தும் தாய்மொழியால் விளைவன அல்ல. 'வந்தானா?' என்பதற்கு 'டிட் ஹீ கம்?' என்னாது 'டிட் ஹீ கேம்?' எனக் காலத்தை இருமுறை குறிப்பது ஆங்கிலக் குழந்தைகளிடமும் காணப்படுவது.

அளவுகோலின் சார்பு

அமெரிக்க வெளியுறவுப் பணிக்கான பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுவோர் தமிழ் கற்க 44 வாரங்களும் ஜப்பானியம் கற்க 88 வாரங்களும் வகுத்துள்ளது. ஜப்பானியத்தின் எழுத்துமுறை எவர்க்கும் கடினமே. ஆனால் வினை இறுதியில் நிற்பதும், வேற்றுமைப் பொருளை உணர்த்தும் சொல் பெயருக்குப் பின் வருவதும் தமிழர்க்குப் பழகிய அமைப்புகள். ஆகவே அவ்வரிசை ஆங்கிலேயர்க்குரிய அளவுகோலேயன்றிப் பொது அளவுகோல் அன்று.

முடிவுரை

ஆங்கில இலக்கணத்தின் கடினம் குறையவில்லை; சொல்லின் ஈற்றிலிருந்து தொடருக்கு இடம்பெயர்ந்துள்ளது. மாணவர் பிழையை அறியாமையெனக் கருதி மதிப்பெண் குறைப்பதோடு நில்லாமல், அது தமிழ் அமைப்பின் தாக்கமா, ஆங்கிலத்தின் உள்முரணா எனப் பகுத்துக் காட்டுவதே திருத்தத்திற்கு வழிவகுக்கும்.