கூட்டம் சேர்த்ததற்குக் கண்டிப்பு!

கூட்டம் வரவில்லையே என்று கவலைப்படுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கூட்டம் அதிகமாக வந்துவிட்டது என்பதற்காகத் திட்டு வாங்கிய பெண்மணியைத் தெரியுமா உங்களுக்கு?

1985-ஆம் வருஷம், பிப்ரவரி 3-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அயோவா ஸர்வகலாசாலையின் உள்ளரங்க மைதானம். சுமார் பதினைந்தாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரக்கூடிய அந்த இடத்தில் அன்று 22,157 பேர் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். படிக்கட்டில்கூட இடமில்லை. அப்படி என்ன விசேஷம்? கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்து ஆட்டம், அவ்வளவுதான்! அதற்கு முன்பு அமெரிக்காவில் எந்தப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்துக்கும் இத்தனை பேர் வந்ததில்லை. ஓஹையோ ஸ்டேட் அணியிடம் அயோவா தோற்றுப்போனது வேறு விஷயம். தீயணைப்பு அதிகாரி ஆபத்தை எடுத்துச் சொல்லிக் கண்டித்தார். கண்டிப்பை வாங்கிக்கொண்டவர் டாக்டர் கிறிஸ்டின் கிராண்ட். அந்த ஸர்வகலாசாலையில் பெண்கள் விளையாட்டுப் பகுதியின் டைரக்டர். இப்படி ஒரு திட்டு கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

விளையாட்டு டைரக்டர் என்றதும், கழுத்தில் விசில் தொங்க, வெயிலில் நின்று மாணவர்களை ஓடவிடும் நம் கல்லூரி 'பிஸிகல் டைரக்டர்' உங்கள் நினைவுக்கு வருவார். அமெரிக்காவில் அந்த உத்தியோகமே வேறு. அங்கே டைரக்டர் விசில் ஊதுவதில்லை. காசோலையில் கையெழுத்துப் போடுகிறார். பயிற்சியாளர்களை நியமிப்பது, நீக்குவது, விளையாட்டு வீரர்களுக்கு உபகாரச் சம்பளம் ஒதுக்குவது, டிக்கெட் விற்பது, நன்கொடை திரட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டு நிர்வாகத்தைப் போலத்தான். செலவு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். வரவுக்கு மட்டும் வழி தேட வேண்டும்.

கிறிஸ்டின் கிராண்ட் 1936-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தார். பிறகு கனடாவுக்குப் போய்ப் பெண்களுக்கு ஹாக்கி கற்றுக்கொடுத்தார். மேல்படிப்புக்காக அயோவா வந்து சேர்ந்தவருக்கு ஒரே ஆச்சரியம். அவ்வளவு பணக்கார தேசத்தில், கல்லூரிப் பெண்கள் விளையாட வசதி இவ்வளவு குறைவா?

அயோவா ராஜ்யத்துப் பெண்களுக்கு விளையாட்டு புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. 1920 முதலே அங்கே உயர்தரப் பள்ளிப் பெண்களுக்குக் கூடைப்பந்துப் போட்டி நடந்து வந்தது. பக்கத்துக்கு ஆறு பேர். மூவர் பந்தைக் கூடையில் போட, மூவர் தடுக்க. யாரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஊரே திரண்டு வந்து பார்க்கும். ஆனால் அந்தப் பெண் கல்லூரியில் காலடி எடுத்து வைத்ததும் கைதட்டல் நின்றுவிடும்.

1972-இல் ஒரு சட்டம் வந்தது. மத்திய சர்க்காரின் பணம் பெறும் கல்வி ஸ்தாபனம் எதுவும் ஆண், பெண் என்று பேதம் காட்டக் கூடாது என்றது அது. 'டைட்டில் ஒன்பது' என்று பெயர். மறுவருஷமே அயோவாவில் பெண்கள் விளையாட்டுக்கென்று தனிப் பகுதி ஏற்பட்டது. கிராண்ட் அதன் முதல் டைரக்டரானார். சட்டம் காகிதத்திலேயே இருந்துவிடக் கூடாது என்று அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழுக்கள் முன்பும் போய்ச் சாட்சியம் சொன்னார்.

1983-இல் விவியன் ஸ்டிரிங்கர் என்ற பயிற்சியாளரை அழைத்து வந்தார். இரண்டே வருஷத்தில் 22,157 பேர்! 1986-இல் ஹாக்கி அணி தேசிய வெற்றி பெற்றது. 1993-இல் கூடைப்பந்து அணி தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தது.

இவ்வளவும் இனிப்பு. கசப்பு ஒன்று இருக்கிறது.

பெண்கள் விளையாட்டில் பணமும் இல்லை, புகழும் இல்லை என்றிருந்த காலத்தில் அதைப் பெண்களே நடத்தினார்கள். 1971-இல் தங்களுக்கென ஒரு தேசியச் சங்கமே அமைத்திருந்தார்கள். கிராண்டும் அதற்குத் தலைவியாக இருந்தார். சட்டம் வந்து, பணமும் டெலிவிஷனும் எட்டிப் பார்த்ததும், ஆண்கள் விளையாட்டை நடத்தி வந்த பெரிய சங்கம் 1981-82-இல் பெண்களுக்கும் போட்டிகள் வைத்தது. பெண்கள் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று, தோற்றது, கலைந்தது. கல்லூரிகளில் இரண்டு விளையாட்டுப் பகுதிகளையும் ஒன்றாக்கினார்கள். ஒன்றாக்கினால் ஒரு நாற்காலிதானே மிஞ்சும்? அதில் யார் உட்கார்ந்தார்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? 1972-இல் பெண்கள் விளையாட்டுப் பகுதிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்களே தலைமை வகித்தார்கள். நூற்றாண்டு முடிவில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. விளையாடும் பெண்கள் பெருகினார்கள்; ஆளும் பெண்கள் குறைந்தார்கள். சமையலறையில் நாம் செய்தால் கடமை, ஹோட்டலில் சம்பளத்துக்குச் செய்தால் அது ஆண்பிள்ளை உத்தியோகம் என்கிற பழைய கதைதான்.

அயோவாவில் தனிப் பகுதியை விடாமல் காப்பாற்றி வந்தார் கிராண்ட். 2000-இல் அவர் ஓய்வு பெற்றதும் அங்கேயும் ஒன்றாக்கினார்கள். தலைமை, ஆண்கள் பகுதி டைரக்டரிடம் போயிற்று.

பிறகு அந்த நாற்காலிக்கு ஒரு பெண் வர இருபத்து மூன்று வருஷம் ஆயிற்று. பெத் கெட்ஸ் என்ற அந்தப் பெண்மணி ஏறி வந்த படிகளைப் பாருங்கள். முதலில் கால்பந்து ஆட்டக்காரி. அப்புறம் ஸெயின்ட் லூயியில் மாணவிகளுக்குக் கால்பந்துப் பயிற்சியாளர். பிறகு பட்லர், மினசோட்டா, கனெக்டிகட் என்று ஊர் ஊராக நிர்வாக வேலை. மினசோட்டாவில் தாற்காலிக டைரக்டர். 2018-இல் பால் ஸ்டேட் ஸர்வகலாசாலையில் முழு டைரக்டர். 2023 ஆகஸ்டில் அயோவாவில் மறுபடியும் 'தாற்காலிகம்'. 2024 ஜனவரியில்தான் அந்த ஒட்டுச்சொல் போயிற்று.

கிறிஸ்டின் கிராண்ட் இதைப் பார்க்கவில்லை. 2021 டிசம்பர் 31-ந் தேதி காலமாகிவிட்டார். அயோவாவின் ஹாக்கி மைதானத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. கெட்ஸ் தாற்காலிகமாக இருந்தபோதே, 2023 அக்டோபரில், கெயிட்லின் கிளார்க் என்ற பெண்ணின் கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்க்க 55,646 பேர் வந்தார்கள். உள்ளரங்கம் எப்படிப் போதும்? ஆண்கள் கால்பந்து ஆடும் திறந்தவெளி மைதானத்தில் பலகை பரப்பி ஆடினார்கள். அங்கே இடம் தாராளம். தீயணைப்பு அதிகாரிக்கு வேலையில்லை.