குற்றாலத்துக்குப் போவது எப்போது?

பரீட்சை முடிந்து, விடுதியில் மாணவர்கள் பெட்டிகளைக் கட்டத் தொடங்கும் நாட்களில் ஆண்டுதோறும் தவறாமல் எழும் பேச்சு ஒன்றுண்டு. "ஊருக்குப் போகுமுன் குற்றாலம் போய் இரண்டு நாள் அருவியில் ஆடி வருவோமா?" என்பதே அது. எழும் ஆசை நல்லதே. ஆனால் அது எழும் காலந்தான் பொருந்தாதது. நமக்கு விடுமுறை கிடைப்பது சித்திரையிலும் வைகாசியிலும். அருவிக்கு நீர் கிடைப்பதோ ஆனியிலும் ஆடியிலும். கல்லூரி திறந்து, புதிய பாடப் புத்தகங்கள் வாங்கி, ஆசிரியர் வருகைப் பதிவேட்டை விரிக்கும் அந்த ஜூன் மாதத்தில்தான் மேல்மலையில் மேகம் இறங்குகின்றது. குற்றாலப் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்வோர் யாவரும் முதற்கண் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இதுவே.

இதனை அறியாமல் நாமே ஒருமுறை ஏமாந்தோம். நண்பர் பன்னிருவர் சேர்ந்து, சித்திரை மாதக் கடைசியில், வாடகை வண்டி ஒன்று பேசி, எண்ணெயும் துண்டும் கட்டுச்சோறும் சுமந்து குற்றாலம் சேர்ந்தோம். பேரருவி இருக்க வேண்டிய இடத்தில் கரும்பாறை ஒன்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பாறையின் ஒரு மூலையில் நூல்போல் நீர் கசிந்தது. அதன்கீழ் ஒருவர் பின் ஒருவராகத் தலையை நீட்டினோம். குரங்குகள் மட்டும் குறைவின்றி இருந்தன. கட்டுச்சோற்றில் பாதியை அவை பங்கிட்டுக்கொண்டன. தங்குவதற்கென முன்பணம் வாங்கிய விடுதிக்காரரோ, "சீசன் இல்லாத நாளில் வந்தது உங்கள் பிழை" என்று கூறி, பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு என்பதைப் பின்னரே உணர்ந்தோம். பணம் போனது போனதுதான்.

குற்றாலத்தின் இயல்பை அறிய வேண்டுமானால் மலையைப் பாராமல் மலையிலுள்ள இடைவெளியைப் பார்த்தல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலினின்று நீரை அள்ளிக்கொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, சுமந்த நீரில் பெரும்பகுதியை மலையாள நாட்டிலேயே கொட்டிவிடுகின்றது. மலைக்குக் கிழக்கே வருவது வறண்ட காற்றே. ஆதலின் கிழக்குப் புறம் மழை மறைவுப் பிரதேசம் எனப்படுகின்றது. திருநெல்வேலியினின்று மேற்கே செல்வோர், ஆலங்குளம் வரையில் செம்மண் தரையும் பனையும் உடைமரமுமே காண்பர். ஜூலை மாதத்திலும் அங்கே வெயில் சுடும். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கத்தில், மலைத்தொடர் தாழ்ந்து ஒரு வாயில்போல் அமைந்துள்ளது. பாலக்காட்டுக் கணவாயும் ஆரல்வாய்மொழியும் போன்றதே இவ்வாயிலும். இதன் வழியே காற்றும் மேகமும் முழுதும் வறளாமல் இப்புறம் நுழைந்துவிடுகின்றன. அங்ஙனம் நுழைந்த மேகம் பெருமழையாய்ப் பெய்யாமல், காற்றில் மிதந்து வரும் நுண்துளியாய்த் தூவுகின்றது. அதைத்தான் நம் நாட்டார் 'சாரல்' என்பர். பாவூர்ச்சத்திரம் தாண்டித் தென்காசியை நெருங்குகையில் பேருந்தின் சன்னல் வழியே வரும் காற்றுத் திடீரெனக் குளிர்வதைப் பலரும் அனுபவித்திருப்பர். சில மைல் தூரத்துக்குள் பாலையினின்று குறிஞ்சிக்கு வந்து சேர்ந்தாற்போலிருக்கும். குற்றாலம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 அடி உயரத்திலேயே உள்ளது. ஊட்டியும் கோடைக்கானலும்போல் உயரத்தால் குளிர்ந்த ஊர் அன்று, காற்றால் குளிர்ந்த ஊர். காற்று வராத மாதத்தில் அங்குப் போகின்றவர் மற்றச் சமவெளி ஊர்களின் வெக்கையையே அனுபவிப்பார். அதே காற்றை நம்பித்தான் தென்காசி வட்டாரத்தில் வரிசை வரிசையாகக் காற்றாலைகளும் நிற்கின்றன.

இங்கே ஒரு நுட்பத்தையும் கூற வேண்டும். சாரல் வேறு, அருவி வேறு. கீழே தூவும் சாரலால் அருவி பெருகுவதில்லை. மலையுச்சிக் காடுகளில் பெய்யும் மழையே சிற்றாறாய்த் திரண்டு, ஏறத்தாழ 200 அடி உயரத்தினின்று பேரருவியாய் விழுகின்றது. நடுவே பொங்குமாகடல் என்னும் ஆழ்ந்த குழியில் விழுந்து வேகம் தணிந்து, பின்னரே நம் தலைமேல் இறங்குகின்றது. அக்குழி இல்லையாயின் அவ்வளவு உயரத்தினின்று விழும் நீரின்கீழ் எவரும் நிற்றல் அரிது. மலைமேல் நாலைந்து நாள் மழை நின்றால், கீழே சாரலும் தென்றலும் இருந்தும் அருவி மெலியும். மறுபக்கம், தென்காசியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே மழை கொட்டி அருவி வெள்ளமாவதும் உண்டு. ஆகவே நம் ஊர் வானத்தைப் பார்த்துக் குற்றால அருவியைக் கணிக்க முற்படுவது வீண்.

இனி நாள் குறிக்கும் முறையைக் கூறுவோம். கேரளத்தில் பருவமழை தொடங்குவது வழக்கமாக ஜூன் முதல் தேதியை ஒட்டி. அச்செய்தி பத்திரிகையில் வந்தவுடனே புறப்பட்டுவிடலாகாது. மலை நனைந்து அருவி நிலைபெறச் சில நாட்களேனும் பொறுத்தல் நலம். ஜூன் பிற்பகுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரையிலுள்ள காலமே சிறந்தது. பருவமழை பிந்திய ஆண்டுகளில் ஜூலையிலும் அருவி மெலிந்திருப்பதுண்டு. ஆதலால் இரண்டு மாதத்துக்கு முன்பே அறையைப் பேசி முன்பணம் கொடுப்பதைவிட, போகும் வாரத்தில் கைப்பேசி வழியாக விசாரித்து முடிவு செய்வதே மேல். தென்காசியில் உறவினரோ பழைய மாணவரோ இருப்பின் அவர்களைக் கேட்பது எல்லா அறிக்கைகளையும்விடப் பயன்படும். "பேரருவியில் ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் நன்றாக விழுகிறதா? ஐந்தருவியில் ஐந்து கிளையும் விழுகின்றனவா?" என்று கேட்டல் வேண்டும். "தண்ணீர் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் விடுதிக்காரர் எவரும் இல்லை என்று சொல்லார்.

சனி, ஞாயிறுகளில் கூட்டம் மிகுதி. வாடகையும் அதற்கேற்ப ஏறும். ஆடி அமாவாசையன்று முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்ய வருவோரால் கடைவீதியில் நடக்கவும் இடமிராது. கல்லூரி மாணவர்க்கு வார நாளில் ஓய்வு ஏது என்று கேட்கலாம். நாம் கண்ட வழி இது: ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அருவியில் இருக்கும்படி முன்னிரவே சென்று தென்காசியில் தங்குவது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் தூரம் மூன்று மைல் அளவே. பேருந்துகள் அடிக்கடி உண்டு. விடியற்காலையில் பேரருவியின்கீழ் நிற்பவர் சிலரே. வெளியூர் வண்டிகள் வந்து நிற்கும் ஒன்பது மணிக்குள் குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொள்ளலாம்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் குற்றாலத்துக்கு இரண்டாம் காலம் வருகின்றது. அப்போது நீர் மிகும். ஆனால் சாரலின் இன்பம் இராது, மழையே இருக்கும். கார்த்திகை பிறந்ததும் சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்கள் பெருந்திரளாய் வந்து நீராடுவர். வெள்ளம் காரணமாக அருவியை மூடும் நாட்களும் இப்பருவத்தில் நிரம்ப உண்டு. தீபாவளி விடுமுறையை இதற்கென வைத்துக்கொள்வோர் ஏமாற்றத்துக்கும் ஆயத்தமாகச் செல்க.

கோடை விடுமுறையில்தான் போவோம் என்று பிடிவாதம் செய்வோர்க்கு நாம் கூற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அது வறண்ட பாறையைப் பற்றியது அன்று. 2024 மே 17-ஆம் தேதி, கோடை மழை பெய்துகொண்டிருந்த நாட்களில், பழைய குற்றால அருவியில் பலர் குளித்துக்கொண்டிருக்கையில் திடீரெனக் காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் படிகளில் ஓடினர். 17 வயதுடைய மாணவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிர் நீத்தான். நம் கல்லூரியில் அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ சேரக்கூடிய வயது அது. அதன்பின் அருவிகளில் குளிப்பது சில நாட்கள் தடுக்கப்பட்டிருந்தது.

இத்தகைய வெள்ளம் வருவதன் காரணம் விளங்கிக்கொள்ளத்தக்கது. அருவிகளுக்கு நீர் தரும் மலைச்சரிவு செங்குத்தானது, பரப்பும் பெரிதன்று. மேலே ஒரு நாழிகை கொட்டிய மழை தங்க இடமின்றிச் சரிந்து சில நிமிஷங்களில் கீழே வந்துவிடும். கீழிருப்போர்க்கு மேலுள்ள மேகம் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் நீர் சில அடையாளங்களைக் காட்டும். தெளிந்த நீர் கலங்கிச் செந்நிறம் அடைதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், விழும் ஓசை கனத்தல் ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், துண்டையும் செருப்பையும் தேடாமல் உடனே மேடேறுதல் வேண்டும். பேரருவியில் குளிப்போர் தலைக்குமேல் பாதுகாப்பு வளைவு ஒன்று உண்டு. நீர் அதனைத் தாண்டி விழத் தொடங்கினால் காவலர் எவரையும் உள்ளே விடார். அவரோடு வழக்காடும் மாணவரை நாம் கண்டிருக்கின்றோம். "இவ்வளவு தூரம் வந்தோமே" என்பதே அவர்கள் கூறும் வாதம். வந்த தூரத்தை வெள்ளம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. செண்பகாதேவி அருவிக்கும் அதற்கு மேலுள்ள தேனருவிக்கும் செல்லும் காட்டுவழியில் வனத்துறையார் தடை விதித்துள்ளனர். வழிகாட்ட வருவேன் என்று எவரேனும் அழைத்தாலும் போகலாகாது.

அருவி மூடியிருந்தால் பிரயாணம் வீணாயிற்று என்று எண்ண வேண்டுவதில்லை. அருவிக்கு அருகிலேயே சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலும், நடராசருக்குரிய ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திர சபையும் உள்ளன. சித்திர சபையின் சுவரோவியங்களை நின்று பார்ப்பதற்கு ஒரு முற்பகல் போதாது. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் இடையிலுள்ள மேலகரமே, குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் அளித்த நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் இறுதிக் காலத்தைக் குற்றாலத்திலேயே கழித்து 1954-இல் மறைந்தார். இராஜாஜியும் கல்கியும் அவரைக் காண அங்கு வந்து தங்கியவர்கள். தென்காசியில் பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த காசி விசுவநாதர் கோயில் உண்டு. சிதைந்து கிடந்த அதன் கோபுரம் ஒன்பது நிலைகளோடு புதுப்பிக்கப்பெற்று 1990-இல் குடமுழுக்குக் கண்டது. பிற்காலத்தில் இக்கோயிலைப் பழுதுபார்த்துக் காப்போரின் அடியில் தான் வீழ்ந்து வணங்குவதாக அப்பாண்டியன் கல்வெட்டில் பொறித்து வைத்தான். அக்கோபுர வாயிலில் ஆனி, ஆடியில் நின்றால், மலை வாயிலில் நுழைந்த அதே காற்று மேலாடையைப் பறிக்கும்.

அக்காற்று வரும் வழியைக் கண்ணால் காண விரும்புவோர் செங்கோட்டையினின்று புனலூர் வரையில் ரயிலில் சென்று மீளலாம். மலையைக் குடைந்து 1904-இல் திறக்கப்பெற்ற அப்பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்கென 2010-இல் மூடப்பட்டு 2018-இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. குகைக்கு இப்பக்கம் வயலும் வெயிலும் இருக்க, அப்பக்கம் புகுந்ததும் காடும் கனத்த மழையும் எதிர்ப்படும். நிலநூல் வகுப்பில் ஒரு மாதம் கேட்டது ஒரு நாழிகையில் விளங்கிவிடும். சென்னை அன்பர்களுக்குப் பொதிகை விரைவு வண்டி இரவில் ஏற்றிக் காலையில் தென்காசியில் இறக்கிவிடுகின்றது. திருநெல்வேலியினின்று ரயிலும் பேருந்தும் உண்டு.

கொண்டுசெல்ல வேண்டியவை சிலவே. மாற்றுடை இரண்டு, ஈரம் காக்கும் பை ஒன்று, வழுக்காத செருப்பு, போர்வை. எண்ணெயும் சோப்பும் ஷாம்பூவும் வேண்டா; அருவியில் அவற்றைப் பயன்படுத்தத் தடை உண்டு, அந்நீர்தான் சிற்றாறாய் ஓடி வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கின்றது. தின்பண்டத்தைக் கையில் ஏந்தி நடக்க வேண்டா. குரங்குகளைப் பற்றி முன்னரே கூறினோம். மங்குஸ்தான், ரம்புத்தான் முதலிய பழங்களைக் கடைவீதியிலேயே வாங்கலாம். விலையைப் பாதியிலிருந்து பேசத் தொடங்குக. அருவியில் நின்ற பசிக்கு விடுதி உணவு ஈடுகொடாது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாய் இருந்தமையால் எல்லை என்று பெயர் பெற்ற பிரானூரில், புரோட்டாக் கடைகளின் கல் எந்நேரமும் சூடாயிருக்கும். ஏழு மணிக்குமேல் அங்கு இடம் பிடிப்பது அருவியில் இடம் பிடிப்பதைவிடக் கடினம். ஆறரைக்கே போய் அமர்ந்துகொள்க.